போலாம் ரைட்! - கப்பை லேசா ஆட்டுங்க பாஸ்!

இன்டர்னல்ஸ் எல்லாம் முடிஞ்சுதா? மார்க்கைப் பத்திக் கேட்க மாட்டேன், பயப்படாதீங்க. இந்த வாரம் நாம கிளம்பப் போறது ஓமன். சென்னையில ஃப்ளைட் ஏறினா சுமார் நாலு மணி நேரத்துல மஸ்கட். நம்ம ஊர்ல ராத்திரி பஸ் ஏறி மதுரை போறதை விடக் கம்மி டைம்!

'ஏன் ஓமன்?'னு கேட்கறீங்களா... எந்த காலேஜ்ல வேணும்னாலும் ஒரு கிளாஸுக்குள்ள போய், 'கல்ஃப்ல சொந்தக்காரங்க இருக்கறவங்க கை தூக்குங்க'ன்னு சொல்லிப் பாருங்க. ஃபர்ஸ்ட் பெஞ்சுல ஆரம்பிச்சு லாஸ்ட் பெஞ்ச் வரைக்கும் கை தூக்குவாங்க. அப்பா, சித்தப்பா, அக்கா வீட்டுக்காரர்னு யாராவது ஒருத்தர் அங்கே இருப்பார். லீவுக்குப் போவீங்க, இன்டர்ன்ஷிப்புக்குப் போவீங்க, யார் கண்டா, நாளைக்கு வேலைக்கே போவீங்க. டிக்கெட் எவ்வளவு, லக்கேஜ் எத்தனை கிலோ, ஊறுகாய் பாட்டிலை எப்படிப் பேக் பண்றதுன்னு எல்லாம் பக்காவா விசாரிப்போம். ஆனா, 'அந்த ஊர் மனுஷங்ககிட்ட எப்படிப் பழகணும்?'னு விசாரிக்கறோமா? ஊஹூம்.

அப்படியே விசாரிச்சாலும் ரெண்டே ரெண்டு பதில்தான் கிடைக்கும். ஒரு பார்ட்டி, 'முஸ்லிம் நாடுடா மாப்ளே, செம ஸ்ட்ரிக்ட்டு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயி, குனிஞ்சுக்கிட்டே வந்துடு'ன்னு பயமுறுத்தும். இன்னொரு பார்ட்டி, 'அதெல்லாம் அந்தக் காலம். இப்போ டூரிஸ்ட்னா எதுவும் கேட்க மாட்டாங்க'ன்னு உசுப்பேத்தும். ரெண்டுமே தப்பு. பயந்து ஒதுங்கினா எதிர்ல இருக்கற மனுஷனைப் பார்க்க மாட்டீங்க. அலட்டிக்கிட்டுப் போனாலும் பார்க்க மாட்டீங்க.

ஓமன்ல பழகறதுக்கான ஃபார்முலா ஒரே லைன்தான். 'முதல் அடியை அவங்க வைக்கட்டும். அரை செகண்ட் காத்திருந்து அடுத்த அடியை நீங்க வைங்க.' அவ்வளவுதான். டெரிவேஷன் வேணுமா? வாங்க, ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்ப்போம்.

கஹ்வா பாடம்

ஓமன்ல ஒருத்தர் வீட்டுக்கோ, ஆபீஸுக்கோ போனா, முதல்ல வர்றது பேரீச்சம்பழமும் கஹ்வாவும். கஹ்வான்னா ஏலக்காய் வாசனையோட வர்ற அரபுக் காபி. நம்ம ஃபில்டர் காபி மாதிரி பாலெல்லாம் கிடையாது. நீளமான மூக்கு வெச்ச கூஜாவுல இருந்து, கைப்பிடியே இல்லாத சின்னக் கிண்ணத்துல ஊத்துவாங்க. கூஜா பேரு தல்லா. கிண்ணத்துப் பேரு ஃபின்ஜான்.

கிண்ணத்துல கால்வாசிதான் இருக்கும். 'என்ன இது, கஞ்சத்தனமா இருக்கே'ன்னு நினைச்சுடாதீங்க. கிண்ணம் நிறைய ஊத்தினா 'குடிச்சுட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தம் ஆயிடும். கொஞ்சமா ஊத்தினா 'இன்னும் கொஞ்ச நேரம் இரு, மறுபடி ஊத்தறேன்'னு அர்த்தம். வலது கையால வாங்குங்க. முதல் கிண்ணத்தை வேண்டாம்னு சொல்லாதீங்க. காலியானதும் மறுபடி ஊத்துவாங்க. அதுவும் காலியானா மறுபடியும்!

அப்ப எப்படித்தான் நிறுத்தறது? வாயைத் திறக்கவே வேணாம். காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது லேசா இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டுங்க. 'போதும்'னு அர்த்தம். இது தெரியாம, 'வேணாம்னு சொன்னா தப்பா நினைப்பாங்களோ'ன்னு கிண்ணம் கிண்ணமா உள்ளே தள்ளிட்டு, ராத்திரி தூக்கம் வராம கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கறவங்க உண்டு. மூணு கிண்ணத்துக்குள்ள நிறுத்திக்கிறது வழக்கம்.

இந்த அரபுக் காபி உபசாரத்தை 2015-ல யுனெஸ்கோ தன்னோட கலாசார மரபுப் பட்டியல்ல சேர்த்திருக்கு. ஓமன், சவுதி, எமிரேட்ஸ், கத்தார்னு நாலு நாடும் சேர்ந்து வாங்கின பெருமை அது. காபிக்கு யுனெஸ்கோவான்னு சிரிக்காதீங்க. ஊத்தறவர் முதல் அடி வைக்கிறார், குடிக்கிறவர் ஒரு சைகையில முடிச்சு வைக்கிறார். ரெண்டு பேருக்கும் மரியாதை குறையலை. நம்ம ஃபார்முலா முழுசா அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கு.

கை நீட்டறதுக்கு முன்னாடி...

பார்த்ததும் 'அஸ்ஸலாமு அலைக்கும்'. அவங்க முந்திக்கிட்டா, 'வ அலைக்கும் அஸ்ஸலாம்'. நீங்க எந்த மதமா இருந்தாலும் இதைச் சொல்லலாம். 'உங்களுக்கு அமைதி உண்டாகட்டும்'னு சொல்றதுல யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் நலம் விசாரிப்பு. 'கைஃப் ஹாலக்'னா 'எப்படி இருக்கீங்க?' பெண்கள்கிட்ட கேட்டா 'கைஃப் ஹாலிக்'. இது நம்ம 'ஹவ் ஆர் யூ, ஃபைன்' மாதிரி ரெண்டு செகண்ட்ல முடியற கேஸ் இல்லை. உடம்பு எப்படி, குடும்பம் எப்படி, என்ன சேதின்னு நீளமாப் போகும். நடுவுல கையைப் பிடிச்ச பிடி அப்படியே இருக்கும். உருவிக்காதீங்க. 'சார், அந்த புராஜெக்ட் மேட்டர்...'னு நேரா விஷயத்துக்குள்ள குதிக்கவும் குதிக்காதீங்க. நம்ம கிராமத்துல தாத்தா வீட்டுக்குப் போனா, 'மழை உண்டா, மாடு கன்னு போட்டுச்சா'ன்னு கேட்டுட்டுத்தானே வந்த விஷயத்தையே பேசுவாங்க? அதே ரூட்டுதான்.

பாய்ஸ், இது உங்களுக்கு. ஒரு பெண்ணை அறிமுகம் பண்ணி வெச்சா, அவங்க கை நீட்டினா மட்டும் நீங்க நீட்டுங்க. நீட்டலையா? வலது கையை நெஞ்சுல வெச்சு லேசா தலையை அசைங்க, போதும். கேர்ள்ஸ், உங்களுக்கும் இதே கதைதான். மதப்பற்று அதிகம் உள்ள ஆண்கள் உங்களுக்குக் கை கொடுக்காம நெஞ்சுல கை வைக்கலாம். அது அவமானம் இல்லை, அவரோட மரியாதை. அதேமாதிரி ஓர் ஆண்கிட்ட, 'உங்க மனைவி எப்படி இருக்காங்க?'ன்னு பேச்சை ஆரம்பிக்கிறது அங்கே பழக்கம் இல்லை. 'வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?'ன்னு பொதுவாக் கேளுங்க.

குழந்தையைப் பார்த்து 'ஐயோ, எவ்வளவு அழகு!'ன்னு சொல்லத் தோணுதா? கூடவே 'மாஷா அல்லாஹ்' சேர்த்துக்கோங்க. நம்ம ஊர்ல கண்ணு படாம இருக்கப் பாட்டி கன்னத்துல கறுப்புப் பொட்டு வைக்கிறாங்க இல்ல, அந்த வேலையை அங்கே இந்த வார்த்தை பார்க்குது.

டிரெஸ்ஸும் பள்ளிவாசலும்

ஓமன் ஆண்கள் போடறது கணுக்கால் வரை வர்ற தளதள தோசை... ஸாரி, திஷ்தாஷா! கழுத்துல இருந்து ஒரு குஞ்சம் தொங்கும். அதுல அத்தர் தடவிக்குவாங்க. தலையில எம்பிராய்டரி போட்ட கும்மா தொப்பி, இல்லேன்னா மஸ்ஸர் தலைப்பாகை. நீங்க அதைப் போட்டுக்கிட்டுத் திரியணும்னு யாரும் கேட்கலை. தோளும் முட்டியும் மூடியிருந்தா போதும். ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி, இதான் கணக்கு. ஜீன்ஸ், குர்தா, சுடிதார் எல்லாம் ஓகே. ஹோட்டல் நீச்சல்குளத்துல போடறதை அங்கேயே விட்டுட்டு வாங்க, ஊர் கடைத்தெருவுக்குக் கொண்டுவராதீங்க.

மஸ்கட்ல கண்டிப்பா பார்க்க வேண்டிய இடம் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல். 2001-ல திறந்தாங்க. மெயின் தொழுகைக் கூடத்துல விரிச்சிருக்கற கம்பளம் ஒரே துண்டு. எடை 21 டன்! ஈரான்ல 600 பெண்கள் சேர்ந்து நாலு வருஷம் நெய்த கம்பளம். மேலே தொங்கற சரவிளக்கு மட்டும் 14 மீட்டர் உயரம். நாம அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்க.

ஆனா ஒரு விஷயம். ஓமன்ல பொதுவா பள்ளிவாசல்களுக்குள்ள முஸ்லிம் அல்லாதவங்க போறதில்லை. இந்தப் பள்ளிவாசல் வெளியாட்களுக்காக வெள்ளிக்கிழமை தவிர மத்த நாள்ல காலையில மட்டும் கதவைத் திறந்து வைக்குது. நேரத்தை முன்னாடியே செக் பண்ணிக்கோங்க. பெண்கள் தலை, மணிக்கட்டு, கணுக்கால் வரை மூடிக்கணும். ஆண்களுக்கு ஃபுல் பேன்ட். செருப்பு வெளியில. யாராவது தொழுதுக்கிட்டிருந்தா அவங்களுக்கு முன்னாடி குறுக்கே நடக்கக் கூடாது, பின்னாடி சுத்திப் போங்க.

'இதெல்லாம் ஓவர் கண்டிஷன் பாஸ்'னு தோணுதா? நம்ம கோயில்களை நினைச்சுப் பாருங்க. சட்டையைக் கழட்டினாதான் உள்ளே விடற கோயில் இருக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயில்ல ஒரு எல்லைக்கு மேல இந்து அல்லாதவங்களுக்கு அனுமதி இல்லைன்னு போர்டே இருக்கு. செருப்புக் காலோட நம்ம வீட்டு ஹாலுக்குள்ள ஒரு ஃபாரினர் வந்தா அம்மா முகம் எப்படிப் போகும்? நமக்கு வாசல் இருக்கற மாதிரி அவங்களுக்கும் வாசல் இருக்கு. அவ்வளவுதான் சமாசாரம்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்க

இப்ப வர்றதுதான் ரொம்ப முக்கியமான மேட்டர். நிஸ்வாங்கிற ஊர்ல வெள்ளிக்கிழமை காலையில ஆட்டுச் சந்தை. விக்கிறவங்க ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வட்டமா நடப்பாங்க, வாங்கறவங்க சுத்தி நின்னு விலை பேசுவாங்க. செம சீன்! சினாவ்ங்கிற ஊர்ச் சந்தைக்குப் போனா, முகத்துல பத்தூலாங்கிற முகமூடி போட்ட பெதூயின் பெண்களைப் பார்க்கலாம். உடனே நம்ம கை தானா மொபைலுக்குப் போகும். ரீல்ஸ் போட்டா லைக்ஸ் அள்ளும்னு மூளை கணக்குப் போடும்.

ஸ்டாப். அங்கேதான் அந்த அரை செகண்ட்.

அந்தப் பெண் அன்னிக்குச் சந்தைக்கு வந்தது வியாபாரம் பண்ண. உங்க ஃப்ரேமுக்குள்ள நிக்க இல்லை. தன் முகத்தை யார் பார்க்கணும், யார் பார்க்கக் கூடாதுன்னு அவங்க ஒரு முடிவு எடுத்திருக்காங்க. அந்த முடிவு உங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையாங்கறது வேற விவாதம். ஆனா ஜூம் பண்ணித் திருட்டுத்தனமா எடுத்து, முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குக் காட்டும்போது அந்த முடிவை அவங்ககிட்ட இருந்து பிடுங்கிடறீங்க. போட்டோவை டெலிட் பண்ணினாலும் ஷேர் ஆனது திரும்பி வராது. பாட்டம் லைன்: கேமராவைக் காட்டி, முகத்தைப் பார்த்து, புருவத்தை உயர்த்திக் கேளுங்க. தலையாட்டினா எடுங்க. கையை அசைச்சா, ஒரு 'ஷுக்ரன்', அதாவது நன்றி சொல்லிட்டு நகருங்க. ஆண்கள்கிட்டேயும் கேட்டுட்டுத்தான் எடுக்கணும். பெரியவங்க நிறைய பேர் சந்தோஷமா போஸ் கொடுப்பாங்க.

ராணுவ இடம், போலீஸ், ஏர்போர்ட் பக்கம் கேமராவே வேணாம். அது மரியாதைப் பிரச்னையைத் தாண்டி சட்டப் பிரச்னை.

சாப்பாடு: நமக்குப் பாதி மார்க் இப்பவே கன்ஃபர்ம்

வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா செருப்பை வாசல்ல விடுங்க. தரையில விரிப்பு, நடுவுல பெரிய தட்டு, அது நிறைய சோறும் கறியும். சுத்தி உட்கார்ந்து எல்லாரும் அதே தட்டுல வலது கையால சாப்பிடுவாங்க. ஐரோப்பாக்காரங்க இங்கே தடுமாறுவாங்க. நமக்கு இது பிறவிப் பயிற்சி! ஒரே ஒரு ரூல்: உங்களுக்கு நேரா இருக்கற பக்கத்துல மட்டும் எடுங்க. எதிர்ப்பக்கம் தெரியற பெரிய கறித் துண்டுக்கு எக்ஸ்பிரஸ் ஹைவே போடாதீங்க. வீட்டுக்காரரே நல்ல துண்டா பார்த்து உங்க பக்கம் தள்ளுவார். உட்காரும்போது உள்ளங்கால் யாரையும் பார்க்காத மாதிரி மடக்கிக்கோங்க.

பெருநாள் சமயத்துல போனா 'ஷுவா' கிடைக்கலாம். மசாலா தடவின இறைச்சியை இலையில சுத்தி, மண்ணுக்கு அடியில இருக்கற அடுப்புல ஒரு நாளுக்கு மேலகூட வேகவைப்பாங்க. நீங்க வெஜிடேரியனா? முன்னாடியே சொல்லிடுங்க. தட்டு வந்த பிறகு முகம் சுளிக்கிறதுக்கு, முந்தின நாள் சொல்றது எவ்வளவோ மேல்.

பல வீடுகள்ல ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை. கேர்ள்ஸ், இதுல உங்களுக்கு ஒரு போனஸ் இருக்கு. பெண்கள் பக்கம் நடக்கற அரட்டை, மருதாணி, கலாட்டா எல்லாம் கூட வந்த பசங்க கண்ணுலயே படாது.

சாப்பாடு முடிஞ்சு குந்திரிக்கப் புகை வந்தா ரசிங்க. ஓமனோட தோஃபார் பகுதி உலகத்துக்கே குந்திரிக்கம் அனுப்பின மண். ஆனா கல்ஃப்ல ஒரு வழக்கம் உண்டு. கடைசியா வாசனைப் புகை சுத்தி வந்துட்டா, விருந்து முடிஞ்சதுன்னு அர்த்தம். 'இன்னும் ஒரு மேட்டர் சொல்றேன்'னு திரும்ப உட்காராதீங்க.

வெள்ளிக்கிழமையும் ரமலானும்

2013-ல இருந்து ஓமன்ல வார லீவு வெள்ளி, சனி. வெள்ளி மதியம் ஜும்மா தொழுகை நேரத்துல கடைகள் மூடியிருக்கும். அந்த நேரத்துல போன் போட்டு வேலை விஷயம் பேசாதீங்க.

ரமலான் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துக்கிட்டே இருக்கும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. அந்த மாசம் பகல்ல பொது இடத்துல சாப்பிடறது, தண்ணி குடிக்கிறது, சிகரெட் பிடிக்கிறது எல்லாமே சட்டப்படி குற்றம். ஜெயில் வரைக்கும் போகும். முஸ்லிம் இல்லேன்னாலும் இதே சட்டம்தான். பசிச்சா ரூமுக்குள்ள சாப்பிடுங்க. ஆனா சூரியன் மறைஞ்ச பிறகு ஊரே திருவிழா மாதிரி ஆயிடும். நோன்பு திறக்க யாராவது கூப்பிட்டா கண்டிப்பா போங்க.

தண்ணிக்கும் ஒரு மரியாதை

சிவில், மெக்கானிக்கல் பசங்களுக்காக ஒரு ஸ்பெஷல். ஓமன் கிராமங்கள்ல 'ஃபலஜ்'னு வாய்க்கால் பார்ப்பீங்க. மோட்டார், பம்பு எதுவும் கிடையாது. புவியீர்ப்பை மட்டும் நம்பி, நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் பல கிலோமீட்டர் தள்ளி ஊருக்குக் கொண்டுவர்ற சிஸ்டம். அதுல அஞ்சு வாய்க்கால்கள் 2006-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிடுச்சு. ஊருக்குள்ள நுழையற இடத்துல தண்ணி முதல்ல குடிக்க. அப்புறம்தான் குளிக்க, துவைக்க. கடைசியா தோட்டத்துக்கு. யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணின்னு பகல்ல நிழலை வெச்சும், ராத்திரி நட்சத்திரத்தை வெச்சும் கணக்குப் போட்டவங்க அவங்க.

'ஹை, தண்ணி!'ன்னு மேல்பக்கம் காலை விட்டு ஆட்டினீங்கன்னா, கீழே ஒரு குடும்பம் குடிக்கிற தண்ணியில காலைக் கழுவறீங்கன்னு அர்த்தம். வாதி ஷாப் மாதிரி நீச்சல் ஸ்பாட்டுக்குப் போனாலும் டி-ஷர்ட்டும் முட்டிக்குக் கீழே வர்ற ஷார்ட்ஸும் போட்டுக்கிட்டு இறங்குங்க.

பெட்டியில வெச்சுக்க வேண்டிய வார்னிங்

* டிரைவிங் சண்டையில கெட்ட வார்த்தை, கெட்ட சைகை... ரெண்டும் போலீஸ் கேஸ் ஆகலாம்.
* மது, அனுமதி உள்ள ஹோட்டல்ல மட்டும்தான். தெருவுல கூடவே கூடாது.
* கல்யாணத்துக்கு வெளியே உறவு அங்கே குற்றம். பொது இடத்துல கட்டிப்பிடி வைத்தியமும் வேணாம்.
* சுல்தானையும் மதத்தையும் கிண்டல் பண்ற மீம்ஸ் ஃபார்வர்டு பண்ணாதீங்க. டெலிட் பண்ணிட்டு ஏறுங்க.
* வலி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரை கொண்டுபோனா டாக்டர் சீட்டு கையில இருக்கணும். இங்கே சாதாரணமா தெரியற சில மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.
* யாரோ கொடுத்துவிட்ட பார்சலைத் திறந்து பார்க்காம எடுத்துட்டுப் போகாதீங்க. கொடுத்தது நெருங்கின சொந்தமா இருந்தாலும்!

எல்லா முஸ்லிம் நாடும் ஒண்ணு இல்லை

ஓமன்ல இபாதி பிரிவு முஸ்லிம்கள் நிறைய. அது சுன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை. சுன்னிகளும் ஷியாக்களும்கூட அங்கே இருக்காங்க. 'நீங்க எந்தப் பிரிவு?'ன்னு கேட்கறது, நம்ம ஊர்ல முதல் சந்திப்புலயே 'நீங்க என்ன ஆளுங்க?'ன்னு கேட்கற மாதிரி. கேட்காதீங்க. மஸ்கட்ல நூறு வருஷத்துக்கும் மேல பழமையான சிவன் கோயில் இருக்கு. 1970 வரைக்கும் அங்கே ஓடினது நம்ம ரிசர்வ் வங்கி கல்ஃபுக்காகத் தனியா அச்சடிச்ச ரூபாய்! இன்னிக்கும் ஒரு ரியாலுக்கு 1000 'பைசா'. உங்க அரபியைக் கேட்டு மனசு இரங்கி, ஹிந்தியில பதில் சொல்ற ஓமன்காரர்கள் நிறைய பேர். அதனால இஸ்தான்புல்லுக்கோ, கோலாலம்பூருக்கோ போயிட்டு வந்த சீனியர் சொன்னதை அப்படியே மஸ்கட்ல காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க.

கடைசியா ஒரு டெஸ்ட்

மேலே சொன்னது எல்லாத்தையும் ஒரு பெரிய மனுஷர்கிட்ட கரெக்டா செஞ்சுடுவோம். பெரிய மனுஷர்கிட்ட யார்தான் பணிவா இருக்க மாட்டாங்க? உண்மையான டெஸ்ட் வேற இடத்துல. உங்க ரூமைக் கூட்டறவர் பங்களாதேஷ்காரரா இருக்கலாம். டாக்ஸி ஓட்டறவர் அந்த ஊர்க்காரரா இருப்பார். டீ கொடுக்கறவர் கேரளாவோ, நம்ம ராமநாதபுரமோ. அவங்களுக்கும் அதே சலாம் உண்டா? அதே 'ஷுக்ரன்' உண்டா? சந்திச்ச ரெண்டாவது நிமிஷத்துல 'இங்கே எவ்வளவு சம்பளம்?'னு கேட்காம, 'ஊருக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?'ன்னு கேட்டுப் பாருங்க. அவர் பேசணும்னு நினைச்சா பேசுவார். அங்கேயும் முதல் அடி அவருடையதுதான்.

'அவங்க வழக்கம் எல்லாத்தையும் நான் ஏத்துக்கணுமா?'ன்னு ஒரு கேள்வி உங்களுக்குள்ள ஓடும். தேவையில்லை. மரியாதை கொடுக்கறது வேற, ஒத்துக்கறது வேற. சில வழக்கங்கள் பத்தி எனக்கும் கேள்வி இருக்கு. அந்த ஊர்ப் பெண்களுக்கும் பசங்களுக்குமே இருக்கும். அதை நாலாவது சந்திப்புல, நண்பனா ஆன பிறகு, தெரிஞ்சுக்கற ஆசையில கேளுங்க. தாராளமா பதில் சொல்வாங்க, பதிலுக்கு நம்ம ஊரைப் பத்தியும் நறுக்குன்னு நாலு கேட்பாங்க. அதுக்கும் தயாரா இருங்க. ஏர்போர்ட்ல இறங்கின உடனே தீர்ப்பு எழுதிட்டா, அந்த நாலாவது சந்திப்பே நடக்காது.

ஓகே ஃப்ரெண்ட்ஸ், பாஸ்போர்ட்டை எடுத்துத் தூசி தட்டுங்க. அடுத்த வாரம் வேற ஊர், வேற கதை. அதுவரைக்கும் வீட்ல அம்மா டீ கொடுத்தா, கப்பை ஆட்டிப் பார்க்காதீங்க. அவங்களுக்கு அர்த்தம் தெரியாது, அடிதான் விழும்!